வீடு சேர்க்கும் வேனுக்கு என்ன விலை

குத்தாலிங்கம் அண்ணாச்சியின் வெள்ளை ஆம்னி வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணயர்ந்தவர்கள், விழிக்கும்போது அவரவர் வீட்டில், அவரவர் படுக்கையில் கிடப்பார்கள் என்பது, எங்கள் பூவன்குறிச்சியில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வேனைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுக்கலாமா வேண்டாமா என்று அண்ணாச்சி வீட்டில் பேச்சு கிளம்பியபோதுதான், இத்தனை வருஷமும் அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்று ஊரே உட்கார்ந்து யோசித்தது.

வண்டி வந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் முந்திக்கொண்டது. அண்ணாச்சிக்குப் பந்தல், பாத்திர வாடகைக் கடை. அண்டாவும் சாமியானாத் துணியும் ஏற்றத்தான் வேன் வாங்கினார் என்றாலும், சாரல் என்று கேட்டதும் அண்டாக்களை இறக்கி வைத்துவிட்டு, தெருப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் மனைவி உலகம்மாளை உட்கார வைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் புறப்பட்டுவிட்டார். அள்ளிப் போட்டதில் நானும் ஒருவன், மூன்றாம் வகுப்பு. திரும்பி வரும்போது வந்த தூக்கத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்: ஈரத் தலை, தேங்காயெண்ணெயும் அருவித் தண்ணீரும் கலந்த வாசனை, எவன் கால் எவன் மேல் என்று தெரியாமல் குவிந்து கிடப்பது, முன்னால் இரண்டு பெரியவர்கள் தாழ்ந்த குரலில் எதையோ பேசிக்கொண்டே போவது, அந்தப் பேச்சு காதில் விழுகிறவரை உலகத்தில் நமக்கு ஒன்றும் ஆகாது என்று வயிற்றுக்குள் ஒரு நிச்சயம். தெருமுனையில் வேனை நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைக் கர்ரென்று இழுத்துத் திறந்தால் உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை, செருப்புகள் மட்டும் கிடந்தன.

உலகம்மாள் நெஞ்சில் கை வைப்பதற்குள் எங்கள் அம்மா வாசலுக்கு வந்து, “ஏ மைனி, இவன் எப்பம் வந்தான்? கட்டில்ல கெடந்து தூங்குதான், தலையக்கூடத் துவட்டல” என்றாள். அடுத்த வீட்டிலும் அதே பாடு. எல்லாரும் அவரவர் வீட்டுக் கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு தூக்கிக்கொண்டு போய்ப் போடுகிற வேலை மிச்சம் என்று சொல்லி, அவரவர் பிள்ளையின் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காரணம் கேட்கிற ஊர் இல்லை எங்கள் ஊர். காரில் தூங்கிய பிள்ளையைத் தூக்கிப் போய்ப் படுக்க வைப்பது உலக வழக்கம், அந்தப் புத்தி வண்டிக்கே வந்துவிட்டது, அதில் என்ன அதிசயம் என்று என் அப்பா கேட்டார்.

பிள்ளைகளோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பெரியவர்கள் தூங்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வந்தது. தென்காசியில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது அரிசி மண்டி ஆறுமுகநயினார் பின்சீட்டில் குறட்டை விட்டார். விழித்தது கடையத்தில், ஊருக்கு அதுவரை தெரியாத ஒரு வீட்டில், கட்டிலும் மெத்தையுமாக. அதற்குப் பிறகு அவர் எங்கே போவதென்றாலும் மொபெட்டில்தான் போனார். பெண்கள் மட்டும் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணாச்சி, வெயில்ல மொபெட்ட உருட்டுவானேன், வேன்ல ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுங்களேன்” என்று உபசரிப்பார்கள். வங்கி மேலாளர் ஒருவர் ரயிலடியிலிருந்து வரும் வழியில் தூங்கி, பீகாரில் தன் அம்மா வீட்டு மாடியில் விழித்து, விடுப்பு எழுதிக் கொடுக்க வழியில்லாமல் தவித்தார். கைக்குழந்தைகள் மட்டும் எங்கேயும் போகாது. அவை அம்மாமார் மடியிலேயே தூங்கி மடியிலேயே விழிக்கும்.

மருமகள்கள் பாடுதான் திண்டாட்டம். தையல்கடை வீட்டு மருமகள் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து வேனில் கண்ணயர்ந்து, வாசுதேவநல்லூரில் தன் அப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் விழித்துவிட்டாள். மாமியார் அவளோடு பேச்சை நிறுத்தினாள். “என்னத்த ஆக்கிப் போட்டு என்ன, மனசு அங்கனதான் கெடக்கு” என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். தன் மனசு எங்கே கிடக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே, ஒருநாள் வீம்புக்கு வேனில் ஏறிப் பின்சீட்டில் படுத்தாள். எழுபது வயசுக்காரி. புளியங்குடியில், தான் பாவாடை கட்டித் திரிந்த வீட்டில், இது யாரு பாட்டி என்று தம்பியின் பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, விழித்தாள். பஸ் பிடித்துத் திரும்பி வந்தவள் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை. ஆனாலும் மற்ற வீட்டுப் பெண்கள் உஷாராகிவிட்டார்கள். வேனில் ஏறுமுன் கடுங்காப்பி குடிப்பது எங்கள் ஊர் வழக்கமாயிற்று. அண்ணாச்சியே ஒரு பிளாஸ்கில் போட்டு வண்டியில் தொங்கவிட்டிருந்தார்.

இப்படி ஊரே தூங்கித் தூங்கித் தன் வீடு எது என்று தெரிந்துகொண்ட அந்த வண்டியில் ஒருநாளும் தூங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓட்டுகிற அண்ணாச்சி. இன்னொருவர் ஊருக்கே அண்ணி முறையாகி, மைனி என்று பேர் வாங்கிய உலகம்மாள். முன்சீட்டில் உட்கார்ந்தவர் தூங்கினால் ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வந்துவிடும் என்பது சட்டம். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், அடுப்பின்மேல் உட்கார்ந்த மாதிரி சூடு வேறு. சூட்டில் புடவையை ஒதுக்கி ஒதுக்கி உட்கார்ந்துகொண்டு, அண்ணாச்சி சொல்கிற கதைக்கெல்லாம் ‘ம்’ கொட்டிக்கொண்டு, இடையிடையே தானும் ஒரு கதை எடுத்துவிட்டு, இருபத்தைந்து வருஷமாக அவரை விழிக்க வைத்ததே மைனிதான்.

அவர்களுக்கு ஒரே மகள், ஷர்மிளா. கட்டிக்கொடுத்தது சென்னை அம்பத்தூரில். முதல் நாலைந்து வருஷம் ஊருக்கு வரும்போது, தென்காசி ஸ்டேஷனிலிருந்து வேனில் ஏறித் தூங்கினால், தான் பிறந்து வளர்ந்த வீட்டில் தன் பழைய கட்டிலில் விழிப்பாள். மைனி வீட்டுக்குள் நுழையும்போதே மகள் கட்டிலில் கிடப்பதைப் பார்ப்பாள், அதுதான் அவளுக்குத் தீபாவளி. ஒரு பொங்கலுக்கு அப்படி ஓடி வந்து பார்த்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. போன் அடித்தது. “அம்மா, நான் இங்கன இருக்கேம்மா. அம்பத்தூர்ல” என்றாள் ஷர்மிளா. அழுதாள். மைனி அழவில்லை. “நல்லதுதானடி. அங்க நல்லாருக்கேன்னுதான அர்த்தம்” என்றாள். பிறகு வேனில் கிடந்த பெட்டியையும் செருப்பையும் கூரியரில் போட்டுவிட்டு, மகளுக்கென்று சுட்டு வைத்திருந்த முறுக்கைத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள்.

புதுக் கார் யோசனை ஷர்மிளாவுடையதுதான். ஏசி இருக்கும், கிளச் மிதிக்க வேண்டாம், அப்பாவின் முழங்காலுக்கு நல்லது. தீபாவளிக்குள் பழைய வண்டியைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று திருநெல்வேலி ஷோரூம்காரன் வேறு தினமும் போன் செய்தான். அண்ணாச்சி உடனே சரி என்றுவிட்டார். அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். ஓட்டை அண்டாவைக்கூட ஈயம் பூசிப் பூசி வைத்துக்கொள்கிற மனுஷன், வேனைக் கொடுக்க இப்படிப் பறந்தார்.

டீக்கடையில் ஆளுக்கொரு கணக்குப் போட்டோம். வெளியே விற்றால் கூடக் கிடைக்கும் என்றான் ஒருவன். போனஸ் என்று ஒரு கையில் கொடுத்து, தள்ளுபடியை இன்னொரு கையில் பிடுங்கிக்கொள்வான், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புதுக் கார் என்ன விலை என்று முதலில் கேட்கச் சொல்லு என்றான் இன்னொருவன். வண்டிக்கு விலை போடுவான் சரி, வீடு சேர்ப்பதற்கு என்ன விலை போடுவான் என்று என் அப்பா கேட்டார். அரிசி மண்டி ஆறுமுகநயினார் மட்டும், என்ன விலைக்குக் கேட்டாலும் தள்ளிவிடுவதுதான் உத்தமம் என்று மொபெட்டை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

விலை போட ஷோரூமிலிருந்து ஜெபராஜ் என்ற பையன் பைக்கில் வந்தான். விரலால் தகரத்தைத் தட்டிப் பார்த்தான், குனிந்து அடியில் பார்த்தான், பின்பக்கம் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும், நீங்கள் ஓட்டுங்கள் சார் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டான். காலையிலிருந்து வெயிலில் அலைந்தவன். கடுங்காப்பி வேண்டாம் என்றுவிட்டான். மேலப்பாலம் தாண்டுவதற்குள் ஆளைக் காணோம். சாயங்காலம் நாசரேத்திலிருந்து போன் வந்தது. “சார், பைக்கு அங்கயே நிக்கி, நாளைக்கி வந்து எடுத்துக்கிடுதேன். எங்க அம்மாவப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சு சார். மீன்கொழம்பு வச்சிருக்கா” என்றவன், போனை வைக்குமுன், “பின்பக்கம் சத்தமே இல்ல சார். நான் எங்க மேனேஜர்ட்ட பேசி அஞ்சாயிரம் கூட்டிப் போடச் சொல்லுதேன்” என்றான்.

கேட்டதற்குமேல் விலை வந்துவிட்டது. அண்ணாச்சி மறுநாளே கொடுத்துவிடலாம் என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டு வண்டி வெளியே போகக் கூடாது, லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று மைனி தடுத்துவிட்டாள். அப்போதுதான் சண்டை வந்தது. அவர்கள் வீட்டுச் சண்டை என்றால் சமையலறை ஜன்னல் வழியாக மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

“எதுக்கு இந்தப் பறப்பு பறக்கிய?” என்றாள் மைனி.

“காலு வலிக்குளா. கிளச்ச மிதிக்க முடியல.”

“காலு வலி அஞ்சு வருசமா இருக்கு.”

“நீ என்னைக்காவது பின்னால போய் உக்காந்துருவியோன்னு பயமா இருக்கு” என்றார் அண்ணாச்சி. “முப்பத்தஞ்சு வருசமா நீ எங்க வீட்டுப் புளி, எங்க வீட்டு ஆத்துத் தண்ணின்னு சொல்லும்போதெல்லாம் ஆழ்வார்குறிச்சில உன் பொறந்த வீட்டத்தான சொல்லுத. நான் ஒண்ணும் கேட்டுக்கிடல. நீ அங்க முழிச்சேன்னா, மறுநாளே வந்து கூட்டிட்டு வந்துருவேன், அது பெருசில்ல. ஆனா அதுக்கப்புறம் நீ இந்த அடுக்களைல நிக்கதப் பாக்கும்போதெல்லாம், ஒருத்தர் வீட்டு ஆள இரவல் வாங்கி வச்சிருக்காப்ல இருக்கும்ளா எனக்கு. தெரியாமலே போயிட்டா நல்லது.”

மைனி அடுப்பை அணைத்தாள். “உங்களுக்குத் தெரியாமப் போனா நல்லது. எனக்கு? பெத்த மவ எங்க முழிப்பான்னு தெரிஞ்சுபோச்சு. ஊர்ல அத்தன பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. அம்பத்தெட்டு வயசுல எனக்கு வீடு எதுன்னு தெரியலங்க. எனக்கும் பயந்தான். அதத் தெரிஞ்சுக்கிடாம இந்த வண்டிய நான் வெளிய விட மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போய் வருவது, வரும்போது மைனி பின்சீட்டில் வருவது, திங்கட்கிழமை வண்டியைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஊருக்கும் முடிவாயிற்று. அவர்கள் புறப்படும்போது, கோயில் தேர் கிளம்புவதைப் பார்க்கிற மாதிரி தெருவே வாசலில் நின்றது. தையல்கடை மாமியார் மட்டும் கிட்டே போய் மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க முழிச்சாலும் வெக்கப்படாத, என்னா?” என்று சொல்லி அனுப்பினாள்.

அருவியில் இருவரும் குளித்தார்கள். திரும்பும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. மைனி பக்கவாட்டுக் கதவைத் தானே இழுத்துத் திறந்து ஏறி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத் தலையை முந்தானையால் சுற்றிக்கொண்டு படுத்தாள். அண்ணாச்சி மேலே இருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார். அவள் இல்லாமல் போவதை அவர் பார்க்க விரும்பவில்லை.

இலஞ்சி தாண்டியதும் பின்னால் மூச்சுச் சத்தம் மாறியது, அதற்குப் பிறகு அந்தச் சத்தமும் இல்லை. அண்ணாச்சிக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் பேசாமல் வண்டி ஓட்டி அவருக்குப் பழக்கமும் இல்லை. பக்கத்துச் சீட்டு காலி என்ற நினைப்பில், அந்தப் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தும், வழக்கமாக அவள் ‘ம்’ சொல்கிற இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பெரிய அண்டாவின் அடி தேய்ந்துவிட்டது, இனி ஈயம் நிற்காது என்றார். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சிக்கு வந்துவிடுவேன் என்றார். உன் அண்ணன் இட்லிப் பொடிக்கு எண்ணெய் ஊற்றக் கணக்குப் பார்ப்பான், பரவாயில்லை, வறட்டுப் பொடியைத் தொட்டே தின்றுவிடுகிறேன் என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடியில் ஓடுகிற தூறலுக்கு வைப்பர் இருந்தது, இதற்கு இல்லை.

“உன்ன எதுக்கு இங்க கூட்டிட்டு வரணும்?” என்று திடீரென்று தன்னையே கேட்டுக்கொண்டார். “நான் அங்க வந்தா என்ன? கடைய வித்துட்டு வாரேன். ஆழ்வார்குறிச்சில பாத்திரக் கடை போட்டா ஓடாதா? ஏற்கெனவே ரெண்டு கடை இருக்குங்காங்க. இருந்துட்டுப் போட்டும். மூணாவதா ஒண்ணு போடுவோம்.”

“ம்” என்று இடதுபக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

அண்ணாச்சி பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி குலுங்கி நின்றது. முன்சீட்டில், கன்னத்தில் தூக்கத்தின் கோடு விழுந்திருக்க, வெறுங்காலோடு, மைனி உட்கார்ந்திருந்தாள். செருப்பு பின்னால் கிடந்தது.

“மூணாவது கடை என்னத்துக்கு?” என்றவள், வழக்கம்போலப் புடவையை ஒதுக்கிக்கொண்டு, “என்னா சூடு சுடுது இந்தச் சீட்டு” என்றாள். அதற்குப் பிறகு இருவரும் வெகுநேரம் ரோட்டோரத்தில் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று மைனி எங்களுக்குச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் வெட்கப்படாமல் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் கதை தலைகீழாயிற்று. அண்ணாச்சி ஷோரூமுக்குப் போன் செய்து, எத்தனை லட்சம் கொடுத்தாலும் வேன் இல்லை என்றுவிட்டார். போனை மைனி பிடுங்கினாள், சாயங்காலம் வாருங்கள் என்றாள்.

“ஏளா, உன்ன எங்கிட்டக் கொண்டாந்து சேத்த வண்டி. அதுதான் உன் வீடுன்னு ஆயிப்போச்சு. வீட்ட எவனாவது எக்ஸ்சேஞ்சுல குடுப்பானா?”

“வண்டியா என் வீடு? அப்பம் படுத்த எடத்துலயே முழிச்சிருக்கணும்லா. பின்சீட்டும் அதே வண்டிதான. என்ன எதுக்கு முன்னால கொண்டாந்து போட்டுது?” என்றாள் மைனி. “என் வீடு உங்க பக்கத்துச் சீட்டு. அது புது வண்டிலயும் ஒண்ணு இருக்கும்லா? அதுலயாவது கீழ எஞ்சின் இல்லாம இருக்கட்டும். குடுங்க.”

இந்தக் கணக்கு டீக்கடையில் யாருக்கும் தோன்றவில்லை. வேன் போகிற அன்று கதவுக்கு மாலை போட்டோம், சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். ஜெபராஜ்தான் வந்து ஓட்டிக்கொண்டு போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது என்னிடமும் ஒரு கார் இருக்கிறது, என் பிள்ளைகளும் அதில் தூங்குகின்றன, நான்தான் தோளில் போட்டு மாடி ஏறுகிறேன். ஆம்னி இப்போது நாசரேத் பக்கம் ஓடுவதாகக் கேள்வி.

புதுக் கார் அதிசயம் எதுவும் செய்யவில்லை. செய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சங்கரன்கோவிலுக்குப் போய்ப் பூஜை போட்டுவிட்டு வந்த அன்று மத்தியானம், கார் சத்தமில்லாமல் தெருவுக்குள் நுழைந்து வீட்டு வாசலில் நின்றது. யாரும் இறங்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தோம். முன்சீட்டில் மைனி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சூடு இல்லை, சத்தம் இல்லை, இருபத்தைந்து வருஷத்துத் தூக்கம் மொத்தமாக வந்துவிட்டது. நாங்கள் கதவைத் தட்டப் போனபோது அண்ணாச்சி உள்ளேயிருந்து வாயில் விரல் வைத்துக் காட்டினார். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைக்க அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது, எழுப்ப மனசு ஒத்துழைக்காது. சீட் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். என் அம்மா ஜன்னல் வழியாக அவருக்கு டீ கொடுத்தாள். தெருவில் கிரிக்கெட் ஆடிய பையன்களைப் பக்கத்துத் தெருவுக்குத் துரத்தினோம். வெயில் சாய்ந்தது, பால்காரர் மணி அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மைனி கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவரைப் பார்த்தாள்.

“வீடு வந்துட்டா?”

“எப்பமோ வந்துட்டுளா” என்றார் அண்ணாச்சி.